மலையில் பெய்ததும் அடிவாரத்தில் அளந்ததும்

மழைக்காலம் வந்துவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு பட்டியல் தவறாமல் வரும். கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, மூரார்பாளையம், வடசிறுவள்ளூர், மூங்கில்துறைப்பட்டு, ரிஷிவந்தியம், சூளாங்குறிச்சி, மணிமுக்தா அணை என்று ஊர்ப் பெயர்கள். எதிரே மில்லிமீட்டரில் எண்கள். தங்கள் ஊருக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு எல்லோரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பெயர்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். மேலே சொன்ன ஊர்கள் எல்லாம் சமவெளியில் இருக்கின்றன. மலைக்கு மிக அருகில் போவது கோமுகி அணை. அதுவும் மலையின் காலடியில்தான் நிற்கிறது.

அணைக்கு வரும் தண்ணீரோ மேலே பெய்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம், மாயம்பாடி ஓடைகள் வழியாக இறங்கி அணைக்குள் வருகிறது. அணைக்கரை மழைமானியில் நான்கே மில்லிமீட்டர் இருக்கும். அணைக்கு நீர்வரத்து மட்டும் மளமளவென்று ஏறிக்கொண்டிருக்கும். கருவியில் கோளாறு இல்லை, காவலர் தூங்கவும் இல்லை. மாலையில் திரண்ட ஓர் இடிமேகம் மலை மேலேயே கொட்டித் தீர்த்துவிட்டது, அவ்வளவுதான். மலையில் பெய்வதை மலையில்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியது இந்த அத்தியாயம். களமாக வெள்ளிமலையை வைத்துக்கொள்வோம். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன்மலை வட்டத்துக்குத் தலைமையிடம் இந்த ஊர். சுற்றிலும் மரவள்ளி, சாமை, பலா. இடையிடையே உண்டு உறைவிடப் பள்ளிகள். பள்ளி என்றால் மைதானம் இருக்கும், காலை எட்டரை மணிக்கு ஆள் இருக்கும். வானிலை அளக்க முதலில் வேண்டியவை இந்த இரண்டும்தான். கருவி அப்புறம்.

ரேடார் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி எழும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரைக்கால் ரேடாரிலிருந்து வெள்ளிமலை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 கி.மீ. ரேடார் தன் கதிரைத் தரையோடு தரையாக அனுப்புவதில்லை. மிகத் தாழ்வான வீச்சே அரை பாகை அளவுக்கு மேல்நோக்கித்தான் கிளம்புகிறது. 150 கி.மீ. போவதற்குள் அந்தச் சாய்வு 1.3 கி.மீ. உயரத்தைச் சேர்க்கிறது. பூமி உருண்டை என்பதால் தரை வேறு கீழே விலகிப் போகிறது. காற்று கதிரைச் சற்றே வளைப்பதையும் கழித்துக்கொண்டால், அதில் இன்னொரு 1.3 கி.மீ. ஆக, கடல்மட்டத்திலிருந்து இரண்டரை கி.மீ.க்கு மேலே இருக்கும் துளிகளைத்தான் அந்த ரேடார் பார்க்கிறது. சென்னை ரேடாருக்கு இன்னும் தொலைவு, இன்னும் உயரம். மேலே பார்த்த துளி கீழே வரும் வழியில் ஆவியாகலாம். மலைச்சரிவில் ஏறிவரும் ஈரக்காற்றில் இன்னும் பெருக்கலாம். செயற்கைக்கோள் தரும் மழைக் கணிப்பில் வேறொரு சிக்கல். பலரும் பயன்படுத்தும் தொகுப்பில் ஒரு கட்டம் 11 கி.மீ. அகலம். அடிவாரமும் மேட்டுநிலமும் ஒரே கட்டத்தில் விழுந்து ஒரே எண்ணாகிவிடும். ரேடாரும் செயற்கைக்கோளும் பரப்பைக் காட்டும். அளவைச் சரிபார்க்கத் தரையில் ஒரு பாத்திரம் தேவைப்படுகிறது.

எத்தனை பாத்திரம்? இந்தியத் தர நிர்ணயப் பரிந்துரைப்படி சமவெளியில் 520 சதுர கி.மீ.க்கு ஒரு மழைமானி போதும். ஆயிரம் மீட்டர் வரை உயரமுள்ள மேட்டுப் பகுதியில் 260 முதல் 390 சதுர கி.மீ.க்கு ஒன்று. கனமழை பெறும் மலைப் பகுதி என்றால் 130-க்கு ஒன்று. கல்வராயன் மலைத்தொடரின் மொத்தப் பரப்பு சுமார் 1,095 சதுர கி.மீ. ஆக, மூன்றிலிருந்து எட்டு வரை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறது. மாநில அரசும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 வானிலை நிலையங்கள் என்று திட்டம் போட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் மலைமேல் ஓர் இடிமழை விழும் பரப்பு சில கிலோமீட்டர்தான். அதே மலையிலுள்ள கரியாலூரில் கொட்டுவது வெள்ளிமலையில் தூறலாக முடியலாம். அதனால் பள்ளிக்கு ஒரு மழைமானி என்று வைத்தாலும் மிகையாகாது.

இந்திய வானிலைத் துறையின் சாதாரண மழைமானியில் மின்சாரம் இல்லை, திரை இல்லை. ஃபைபர் கிளாஸால் ஆன ஒரு புனல், அடியில் ஒரு பாலித்தீன் போத்தல், இரண்டையும் மூடும் உறை. புனல் வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. அல்லது 100 சதுர செ.மீ. வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கும். விளிம்பில் பட்ட துளி உள்ளே போவதா வெளியே போவதா என்பதில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. தரையிலிருந்து விளிம்பு 30 செ.மீ. உயரத்தில் நிற்கும். இந்த உயரம் ஒரு சமரசம். இன்னும் தாழ்வாக வைத்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் உள்ளே விழும். இன்னும் உயர்த்தினால் காற்றின் வேகம் கூடும். காற்று கருவியைச் சுற்றி வளைந்து போகையில் சிறு துளிகளையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். மொட்டை மாடியில் வைத்த மழைமானி எப்போதும் குறைத்தே காட்டுவதற்கு இதுதான் காரணம். வீட்டு மாடியில் வைத்து அளந்து, அரசு எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இடத்துக்கு ஒரு விதி உண்டு. மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, குறைந்தது அதன் இரு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். ஆறு மீட்டர் பலாமரம் என்றால் பன்னிரண்டு மீட்டர். சமவெளியில் இது எளிது. வெள்ளிமலை போன்ற இடத்தில் இன்னொரு தொல்லையும் சேரும்: மேட்டின் நுனியில் வைத்தால் காற்று அள்ளும், சரிவில் வைத்தால் கருவியே சாயும். விளிம்பு கிடைமட்டமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து மாதம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மலைமண் மழையில் இளகும். பீடம் மெல்லச் சாய்வது கண்ணுக்குத் தெரியாது.

அளவு எடுப்பதில் சூட்சுமம் ஒன்றுமில்லை, பழக்கம்தான். 200 சதுர செ.மீ. வாயில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் போத்தலில் 20 மில்லிலிட்டர் சேரும். அதை ஒடுங்கிய அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, நீர்ப்பரப்பின் வளைவில் அடிப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கூடுதலாகத் தெரியும். குவளை எந்தப் புனலுக்கு உரியது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 சதுர செ.மீ. புனலுக்கான குவளையை 200 புனலோடு பயன்படுத்தினால் ஊரில் மழை இரட்டிப்பாகிவிடும். பழைய குவளை உடைந்து புதிது வாங்கும் நாளில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. பிற்பாடு ஆவணத்தை வரைபடமாக்கிப் பார்க்கிறவருக்கு, ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து அந்த ஊரின் வானிலையே மாறிவிட்டதுபோலத் தெரியும். அந்தத் தேதியில் யாராவது ‘குவளை மாற்றப்பட்டது’ என்று இரண்டு சொல் எழுதி வைத்திருந்தால் தப்பித்தோம்.

வெப்பநிலைக்கு வருவோம். மழையை அளப்பதைவிட இது எளிது என்று தோன்றும். உண்மையில் இதில்தான் அதிகம் சறுக்குகிறோம். காற்றின் வெப்பநிலையை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சுவரின் வெப்பத்தையோ, வெயில் பட்ட பிளாஸ்டிக் கூட்டின் வெப்பத்தையோ அளந்துகொண்டிருப்போம். வெப்பமானியை வெயிலும் மழையும் தாக்காமல், காற்று மட்டும் தாராளமாக ஊடாட வைக்க வெள்ளை வண்ணம் பூசிய, பக்கங்களில் சாய்வுச் சட்டங்கள் கொண்ட ஒரு மரப்பெட்டி போதும் என்று 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதிய நாவலாசிரியரின் தந்தை. அந்தப் பெட்டியின் பெயரே இன்றும் ஸ்டீவன்சன் பெட்டிதான். அதில் உலர் குமிழ், ஈரக் குமிழ், உச்ச, நீச வெப்பமானிகள் நான்கும் இருக்கும்.

ஈரக் குமிழில் சுற்றிய மஸ்லின் துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பமானி குளிர்கிறது. அந்த வித்தியாசத்திலிருந்து காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிடுகிறோம். கணக்கில் காற்றழுத்தமும் வரும். ஆகவே கடல்மட்டத்துக்குப் போட்ட அட்டவணையை மலையில் பயன்படுத்தலாமா என்று கூர்மையான மாணவர் கேட்பார். 26 பாகை உலர், 21 பாகை ஈரம் என்று வைத்து, அழுத்தம் 1,000 ஹெக்டோபாஸ்கலுக்கும் 920-க்கும் கணக்குப் போட்டால், ஒப்பு ஈரப்பதம் முதலாவதில் 62 சதவீதம், இரண்டாவதில் 63. ஒரே ஒரு புள்ளிதான் மாற்றம். அதே சமயம் மஸ்லின் துணி அழுக்கேறியிருந்தாலோ, காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றி உப்புப் படிந்திருந்தாலோ பிழை அதைவிடப் பெரிதாகிவிடும். எந்தப் பிழைக்குக் கவலைப்படுவது, எதைப் போனால் போகட்டும் என்று விடுவது என்ற நிதானம் கைவரப் பெற்றால் பாதிக் கல்வி முடிந்தது. அட்டவணையை விடுங்கள், துணியை மாற்றுங்கள்.

இப்போது சில நூறு ரூபாய்க்கு மின்னணு உணரிகள் கிடைக்கின்றன. வெள்ளிமலையில் ஒன்று, கச்சிராயப்பாளையத்தில் ஒன்று என்று வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே பதிவுசெய்யும்படி அமைத்துவிடலாம். ஆசை வந்தவுடன் அப்படியே கொண்டுபோய் வைத்துவிடக்கூடாது. இரண்டையும் முதலில் ஒரே பெட்டிக்குள் அருகருகே தொங்கவிட்டு ஒரு வாரம் ஓடவிட வேண்டும். ஒரே காற்றைத்தான் இரண்டும் உணர்கின்றன. ஆனாலும் எண்கள் ஒத்துப்போகாது. ஒன்று எப்போதும் 0.4 பாகை கூடுதலாகக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்லது, கழித்துவிடலாம். இரவில் ஒத்துப்போய், நண்பகலில் மட்டும் விலகினால் அது வேறு நோய்: வெயில் எங்கிருந்தோ ஒன்றின்மேல் படுகிறது, அல்லது ஒன்றுக்குக் காற்றோட்டம் போதவில்லை. கடிகாரம் ஒன்றில் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தாலும் இந்த ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். பிரித்துவைத்த பிறகு இவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் குறையும் மலையின் குணமாகத் தோற்றம் கொடுக்கும். பருவம் முடிந்ததும் மறுபடியும் ஒரு வாரம் சேர்த்து வைத்துப் பார்ப்பது வழக்கம். முதல் வாரத்து வித்தியாசமும் கடைசி வாரத்து வித்தியாசமும் ஒன்றாக இருந்தால்தான் நடுவில் கிடைத்த எண்களை நம்பலாம்.

இந்த ஒழுங்கை இந்தியாவில் நிலைநாட்டியவர் என்று ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் அன்னா மணியைச் சொல்லலாம். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளியியலை ஆராய்ந்தவர். லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948-இல் இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகத்தில் சேர்ந்தார். மழைமானி முதற்கொண்டு எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி அவை இங்கேயே உருவாக வழிசெய்தார். தப்பான அளவீட்டைவிட அளவீடே இல்லாதது மேல் என்பது அவருடைய உறுதியான நிலை. மாணவர் திட்டப்பணிகளில் இந்தக் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்றுதான் நினைக்கிறேன். பிழை இன்னது, இவ்வளவு என்று சொல்லிவிட்டால் மோசமான அளவீடுகூட ஏதோ ஒன்றுக்கு உதவும். சொல்லாமல் விட்ட பிழைதான் ஆபத்து.

சரிபார்த்த இரண்டு உணரிகளும் என்ன சொல்லும்? ஒரு பேச்சுக்கு, இரண்டு இடங்களுக்கும் 700 மீட்டர் உயர வித்தியாசம் என்போம். சித்திரை மாதப் பிற்பகல் மூன்று மணிக்குக் கீழே 36 பாகை, மேலே 29.5. வித்தியாசம் ஆறரை; கிலோமீட்டருக்கு 9.3 பாகை. உயரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு 6.5 பாகை குறையும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது எங்கே போயிற்று? பகலில் தரை சூடேறி, காற்று மேலும் கீழுமாகப் புரண்டு நன்றாகக் கலக்கிறது. மேலேறும் காற்று அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவழிப்பதால் கிலோமீட்டருக்கு 9.8 பாகை வீதம் குளிர்கிறது. நன்கு கலந்த பிற்பகல் காற்று அந்த எண்ணை நெருங்குவது இயல்பு. அதே இடங்களில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கீழே 23, மேலே 20.5 என்று இருக்கலாம், கிலோமீட்டருக்கு மூன்றரைதான். இரவில் தரை வெப்பத்தை இழந்து தன்னை ஒட்டிய காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவு வழியே இறங்கித் தாழ்விடத்தில் தேங்கும். அடிவாரம் அதனால் கூடுதலாகக் குளிர்ந்துபோகிறது. பகலையும் இரவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 6.5-க்கு அருகில் ஓர் எண் வரும். புத்தகத்தோடு ஒத்துப்போகிறதே என்று மகிழ்ந்துபோவோம். நடந்த இரண்டு நிகழ்ச்சிகளும் அந்தச் சராசரிக்குள் புதைந்துபோயிருக்கும். மேகமில்லாத, காற்றில்லாத மார்கழி இரவுகளில் வெள்ளிமலைக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஓடையோரப் பள்ளத்தில் ஓர் உணரி, முப்பது மீட்டர் மேலே மேட்டில் இன்னொன்று. பள்ளம் மேட்டைவிடக் குளிர்ந்து கிடக்கும்.

காற்றழுத்தத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் ஒரு சோதனை உண்டு. பல கைபேசிகளில் அழுத்த உணரி உள்ளேயே இருக்கிறது. அதைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு கோமுகி அணையிலிருந்து மலைப்பேருந்தில் ஏறுங்கள். ஒன்பது மீட்டருக்குச் சற்றேறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். 70 குறைந்தால் 640 மீட்டர் ஏறியிருக்கிறோம். வளைவுக்கு வளைவு குறித்துக்கொண்டால் மலைச்சாலையின் நெடுக்குவெட்டே கிடைத்துவிடும். ஆனால் காலை பத்து மணிக்கு ஏறி, மாலை நான்குக்கு இறங்கி வந்து, புறப்பட்ட அதே இடத்தில் நின்று பாருங்கள். மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்கும். அணை முப்பது மீட்டர் உயர்ந்துவிட்டதா? வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது: பத்து மணி வாக்கில் உச்சம், நான்கு மணி வாக்கில் தாழ்வு, பகலிலும் இரவிலும் அப்படியே. சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. தென் அமெரிக்காவில் இதைக் கவனித்த இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், அழுத்தமானியைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் என்று வியந்தார். நமக்கு இது தொல்லை. தீர்வு எளிது: இரண்டாவது கைபேசியை அணைக்கரையிலேயே ஒருவர் வைத்துக்கொண்டு அதே நேரங்களில் குறித்து வந்தால், இரண்டையும் கழிக்கும்போது அலை மறைந்து உயரம் மட்டும் மிஞ்சும். மலையில் ஒற்றை அளவீட்டுக்கு மதிப்புக் குறைவு. ஒரே நேரத்தில், ஒரே முறையில், ஒப்பிட்டுச் சரிபார்த்த கருவிகளால் எடுத்த இரண்டு அளவீடுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில்தான் மலை பிடிபடுகிறது.

காற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முறைப்படி பத்து மீட்டர் கம்பத்தில், தடைகளுக்கு அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தள்ளி அளக்க வேண்டும். மலையூரில் அப்படி ஓர் இடம் அமைவது அபூர்வம். இலை அசைகிறதா, சிறு கிளை ஆடுகிறதா, மரமே ஆடுகிறதா என்று பியூஃபோர்ட் காற்று அளவுகோல்படி திசையோடு எழுதி வந்தாலே முதல் ஆண்டுக்குப் போதும்.

எண்களைச் சேர்த்தாயிற்று. இனி அவற்றைச் சந்தேகப்பட வேண்டும். முதலில் தேதி. இந்தியாவில் மழை காலை 8.30-க்கு அளக்கப்படுகிறது, அதற்கு முந்தைய 24 மணி நேர மழை அளந்த நாளின் கணக்கில் எழுதப்படுகிறது. செவ்வாய் மாலை கொட்டிய மழை புதன்கிழமைப் பதிவில் இருக்கும். தானியங்கிக் கருவிகள் சில நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கூட்டுகின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு, கருவி தப்பு என்று முடிவுகட்டிய திட்டப்பணி அறிக்கைகள் ஏராளம்.

அடுத்தது சுழியம். ‘மழை இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் வெவ்வேறு. முதலாவதற்கு 0 எழுத வேண்டும். இரண்டாவதற்குக் கோடு போட்டுக் காரணம் எழுத வேண்டும். பள்ளிகளில் ஞாயிற்றுக்கிழமை யாரும் அளக்க மாட்டார்கள். திங்கள் காலை போத்தலில் இரண்டு நாள் மழை சேர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கு 0 போட்டுவிட்டால் மாதக் கூட்டல் சரியாகவே வரும். ஆனால் மழைநாள் எண்ணிக்கை குறைந்து, திங்கட்கிழமை தோறும் வானம் ஊற்றுவதாக ஆகிவிடும். ஒரு வருடப் பதிவைக் கிழமைவாரியாகக் கூட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. மேகத்துக்குக் கிழமை தெரியாது; ஞாயிறு மட்டும் பள்ளமாகவும் திங்கள் மேடாகவும் இருந்தால் அது மனிதர் போட்ட வடிவம். இது பள்ளிக்கூடங்களுக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ண வேண்டாம்.

தானியங்கி மழைமானியில் பொதுவாக ஒரு சிறு இரட்டை வாளி இருக்கும். 0.2 அல்லது 0.5 மி.மீ. சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும். கவிழ்ந்த நேரம் பதிவாகும். நிமிடத்துக்கு நிமிடம் மழையின் வேகம் தெரிவது இதன் பெரிய பலம். கவிழ்ந்துகொண்டிருக்கும் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராது என்பது பலவீனம். மழை வலுக்க வலுக்க இந்த இழப்பும் கூடும். எறும்பு கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும், இலை புனலை அடைக்கும். அடைபட்ட புனல் சிக்கலானது: மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக இறங்கி, நாலு மணி நேரம் சீரான தூறல் பெய்ததாகக் காட்டும். பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானியை வைத்து இரண்டின் நாள் கூட்டலையும் வகுத்துப் பார்த்து வந்தால், விகிதம் சட்டென்று மாறும் நாளில் போய்த் திறந்து பார்த்துவிடலாம்.

எண் மிகப் பெரிதாக இருந்தால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, நகராமல் நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலைப் பதிவில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. அப்புறம் வலுக்குறைந்து மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலைப் பதிவில், கடற்கரையிலிருந்து வெகு தொலைவில், கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அந்தப் பகுதிக்கு இப்படி ஓர் எண் கேள்விப்படாதது. பதிவேட்டை மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு, 50.3 மி.மீ.-யை யாரோ தசமப்புள்ளி மாற்றி 503 என்று எழுதிவிட்டார்கள் என்றே தோன்றும். அடித்துவிடலாமா? அண்டை ஊர்களைப் பார்க்க வேண்டும். அரூரில் அதே காலையில் 33 செ.மீ. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது, 50 மி.மீ. மழை அந்த வேலையைச் செய்யாது. எண் உண்மை. விசித்திரமான எண்ணை அடிக்கும் முன் அண்டை ஊர், ஏரி, ஆறு, செய்தித்தாள் எல்லாவற்றையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

இந்த நிகழ்ச்சியில் கருவி பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. 200 சதுர செ.மீ. புனலுக்கு அடியில் நாலு லிட்டர் போத்தல் இருந்தால் அது 200 மி.மீ. மழைக்கே நிரம்பிவிடும். வானிலைத் துறை அதிகனமழை என்று சொல்லத் தொடங்குவது 204.5 மி.மீ.-இல். அதாவது அளக்க வேண்டிய அதிமுக்கியமான நாளில் போத்தல் வழிந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்த நாளில் இரவிலும் இடையிடையே போய் அளந்து, கொட்டிவிட்டு, காலையில் எல்லாவற்றையும் கூட்டி எழுத வேண்டும். குடை பிடித்துக்கொண்டு டார்ச் விளக்கோடு மைதானத்துக்குப் போகும் அந்த ஆளை நம்பித்தான் சாதனை மழை எல்லாம் பதிவாகியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, மலையில் அளந்த எண்ணை வைத்து என்ன செய்யலாம்? காலநிலைச் சராசரிக்கு உலக வானிலை அமைப்பு கேட்பது 30 ஆண்டுப் பதிவு. சென்னையில் 1813 முதல் தொடர்ச்சியான மழைக்கணக்கு இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் வெள்ளிமலைப் பள்ளி அதோடு போட்டி போட முடியாது. ஒரு பருவப் பதிவை வைத்துக்கொண்டு மழை குறைகிறதா கூடுகிறதா என்று பேசவே கூடாது. அணையைப் பற்றிப் பேசலாம்.

ஒரு சதுர கி.மீ.யில் ஒரு மி.மீ. மழை என்பது பத்து லட்சம் லிட்டர். எடுத்துக்காட்டாக 100 சதுர கி.மீ. பரப்பில் சீராகப் பத்து மி.மீ. பெய்து, அத்தனையும் ஓடி வந்தால் சுமார் 35 மில்லியன் கனஅடி. 46 அடி உயரமுள்ள கோமுகி அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 560 மில்லியன் கனஅடி. அத்தனையும் ஓடி வராது என்பதுதான் கதையின் சுவையான பகுதி. மண் குடிக்கும், மரம் தாங்கும், வயல் வாங்கும். மலையில் விழும் எல்லாத் துளியும் கோமுகியைத் தேடியும் வராது. ஒரு பக்கத்துத் தண்ணீர் மணிமுக்தாவுக்கும், இன்னொரு பக்கத்தது வசிஷ்ட நதிக்கும், வடக்கே விழுவது தென்பெண்ணைக்கும் போகிறது. ஆகவே நிலவரைபடத்தில் நீர்பிரி முகட்டைப் பென்சிலால் வரைந்து, எந்தப் பள்ளியின் மழைமானி எந்த அணையின் பங்கு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மலையின் மணிவாரி மழையையும் அணையின் நீர்வரத்தையும் ஒரே தாளில் வரையுங்கள். மழையின் உச்சத்துக்கும் வரத்தின் உச்சத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பது சில மழைகளிலேயே தெரிந்துவிடும். அருவியில் குளிக்கப் போகிறவர்களை எச்சரிக்க இந்த ஒரு எண் உதவும். ஒவ்வொரு மழைக்கும் மொத்த மழை கிடையச்சில், அதனால் வந்த நீர் நிலையச்சில் என்று புள்ளி வைத்தால், புள்ளிகள் ஒரே கோட்டில் விழாமல் சிதறிக் கிடக்கும். கருவியைக் குறைசொல்ல வேண்டாம். ஆடியில் பெய்த 40 மி.மீ. காய்ந்த மண்ணுக்குள் போய்விடுகிறது; கார்த்திகையில் பெய்த 40 மி.மீ., ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண்ணில் தங்க இடமில்லாமல் ஓடைக்கு ஓடிவிடுகிறது. ஒவ்வொரு மழைக்கும் எதிரே அதற்கு முந்தைய ஐந்து நாள் மழையையும் ஒரு பத்தியில் எழுதி, அது குறைவாக இருந்த புள்ளிகளுக்குச் சிவப்பு, அதிகமாக இருந்தவற்றுக்கு நீலம் என்று வண்ணம் கொடுங்கள். ஒரே கூட்டமாகத் தெரிந்தது இரண்டு கூட்டமாகப் பிரியும். நீலப் புள்ளிகளின் ஊடாகப் போகும் கோடு செங்குத்தாக ஏறும். அணைக் காவலருக்கு வேண்டியது அந்தக் கோடுதான்.